அளவு நோட்டின் பின்பக்கம்: முதுகு வலிக்கு நான் செய்துபார்த்தவை

கல்லிடைக்குறிச்சியில் தையல் கடை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. வயது 52. அதில் ஆறு வருஷம் கழுத்தும் கீழ்முதுகும் என்னைப் பாடாய்ப் படுத்தின. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்கள். (டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது. எல்4-எல்5 என்றால் கீழ்முதுகில் ஒரு இடம்.) நான் பண்ணிக்கொள்ளவில்லை. இப்போது நாள் முழுக்க மிஷினில் உட்காருகிறேன், துணிக்கட்டைக் குனிந்து தூக்குகிறேன். எப்படி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கழுத்து வலியோடு ஊக்கு மாட்ட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ அப்படித்தான். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்து பட்ட அடி, முன்பு புற்றுநோய் வந்த உடம்பு என்றாலும் தள்ளிப்போடக்கூடாது. சில சமயம் ஆபரேஷன்தான் ஆளைக் காப்பாற்றும். எனக்கு இது எதுவும் இல்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் முட்டியில் சுத்தியலால் தட்டி, குதிகாலால் நடக்கவிட்டுப் பார்த்து, "நரம்பு பலமா இருக்கு, அவசரமே இல்ல" என்றார். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் மற்ற வேலையை ஆரம்பித்தேன்.

என் தங்கை மகள் பிசியோதெரபி முடித்தவள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, உங்க வயசுல வலியே இல்லாதவங்களை வரிசையா நிக்கவச்சு ஸ்கேன் எடுத்தாலும் பாதிக்கு மேல இப்படித்தான் இருக்கும்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலிப்பது எனக்கல்லவா! அப்புறம் அவள் காட்டிய கணக்கு இது: வலி இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஐம்பது வயதுக்காரர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 80 பேருக்குத் தேய்மானம். இருபது வயதுப் பிள்ளைகளிலேயே நூற்றுக்கு 30 பேருக்குப் பிதுக்கம். நரை விழுகிற மாதிரி முதுகெலும்புக்கும் வயசாகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? அவள் நரம்பு, மூளை என்று சொன்னதை நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். மோட்டார் மிஷினில் பெடல் இருக்கிறதல்லவா, சில பெடல் கால் பட்டதுமே தடதடவென்று ஓடிவிடும். மிஷினில் ஒரு பழுதும் இருக்காது. பெடல்தான் தொட்டாச்சிணுங்கி ஆகியிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற முதுகு வலி பலருக்கும் இந்த வகைதானாம். முதலில் பட்ட காயம் ஆறிய பிறகும், ஆபத்து ஆபத்து என்று மூளை கத்திக்கொண்டே இருக்கும். பயமும் கவலையும் அதை இன்னும் உசுப்பிவிடும். வலி நிஜம்தான், கற்பனை இல்லை. பெடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

இனி செய்முறை.

கடையில் அளவு எழுதும் நோட்டைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், வலி பத்துக்கு எத்தனை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், மனதில் என்ன ஓடியது. ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். நான்கு வாரமாவது எழுதுங்கள், நடுவில் புரட்டிப் பார்க்காதீர்கள். வலி வந்தபோது மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. வலிக்காத நேரத்தையும் எழுதவேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. திருச்செந்தூருக்கு ரயிலில் போய், ஜங்ஷனில் வண்டி மாறி, கோயில் வரிசையில் இரண்டு மணிநேரம் நின்ற நாளில் நான் எழுதியிருந்தது '1'. மறுநாள் காலையில் கடையைத் திறந்து, இன்னும் மிஷினில்கூட உட்காரவில்லை, '7'. டிஸ்க் அதே டிஸ்க்தானே?

ஐந்தாம் தேதி வாக்கில் மட்டும் எண் எட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரண்டு மாதம் எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது. ஐந்தாம் தேதி வட்டி கட்டும் நாள். சின்ன மச்சானுக்காக நான் ஜாமீன் போட்ட கடன், அவர் கட்டாமல் விட்டு என் தலையில் விடிந்தது. வீட்டில் அதைப் பேச முடியாது. பேசினால் சம்சாரத்தின் தம்பியைக் குறை சொன்னதாக ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு ஆறு வருஷம் கழுத்தை இறுக்கியிருக்கிறேன்.

அடுத்தது, உட்கார்ந்து வலியைப் பார்ப்பது. கேட்டால் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. வலி நடுத்தரமாக இருக்கும்போது, நாலு அஞ்சு என்று வையுங்களேன், பத்தமடைப் பாயை விரித்துச் சுவரில் சாய்ந்துகொள்வேன். பத்து மூச்சு, வெளியே விடுவதை மட்டும் நீட்டி. பிறகு வலியைத் துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி பார்ப்பேன். எங்கே ஆரம்பிக்கிறது, ஓரம் எங்கே முடிகிறது, சூடா, இறுக்கமா, நூல் சுண்டி இழுத்துச் சுருக்கு விழுந்த மாதிரியா. விரட்டக்கூடாது. போய்விட்டதா போய்விட்டதா என்று எட்டிப்பார்க்கவும் கூடாது. 'முதுகு உடையவில்லை, பெடல்தான் சத்தம் போடுகிறது' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை, தூக்கம்தான் வந்தது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, வலது தோள்பட்டைக்குக் கீழே இருந்த வலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் போய்விட்டது. பாயில் உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்தேன். வலி எட்டு, ஒன்பது என்று எகிறும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். அப்போது பாட்டு கேளுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இப்படி வலியைப் பார்க்கிற பயிற்சியும் சேர்ந்த ஒரு சிகிச்சை முறையை அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 151 பேரை வைத்துச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு வாரப் பயிற்சி எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு வலி அறவே இல்லை, அல்லது ஏறத்தாழ இல்லை. வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களில் அந்த நிலைக்கு வந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். ஆனால் முதுகை விடக் காலில் இறங்கும் வலி அதிகமாக உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. உங்களுக்குக் கால்வலிதான் பெரிது என்றால் என் கதையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குனிவதற்கு வருவோம். கத்தரி கீழே விழுந்தால் கடைப்பையனைத்தான் எடுக்கச் சொல்வேன். குனியாதே என்று ஆஸ்பத்திரியில் சொன்னது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னது, பால்காரர் சொன்னது எல்லாம் சேர்ந்து உடம்பில் ஊறிப்போயிருந்தது. (முதுகு வலி என்று வாயைத் திறந்தால் நம்ம பக்கத்தில் வைத்தியம் சொல்லாமல் ஒருத்தரும் நகரமாட்டார்கள்.) நான் பாபினில் ஆரம்பித்தேன். வேண்டுமென்றே கீழே போட்டு, மூச்சை விட்டபடி குனிந்து எடுப்பது. காலையில் மூன்று தடவை, சாயங்காலம் மூன்று தடவை. ஒரு வாரம் கழித்துக் கத்தரி, அப்புறம் துணிக்கட்டு, கடைசியில் அரைக்குடம் தண்ணீர். வலி இரண்டு எண் கூடினால் மறுநாள் அதே அளவிலேயே நிற்பேன். பயந்து பூஜ்யத்துக்குத் திரும்பமாட்டேன். போட்டுக்கொண்டிருந்த இடுப்புப் பெல்ட்டை நாளுக்கு ஒரு மணிநேரம் வீதம் குறைத்துக் கடைசியில் கழற்றிவிட்டேன். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள். நடை, தினமும் அரைமணிநேரம், கன்னடியன் கால்வாய்க் கரையோரம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மச்சான் விஷயத்துக்கு ஒரு வழி செய்தேன். ராத்திரி இருபது நிமிஷம், அவருக்குக் கடிதம் எழுதுவது. அனுப்புவதற்கு இல்லை. வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் போட்டு எழுதி, காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன். நாலு நாள் எழுதினேன். ஐந்தாம் நாள் சம்சாரத்திடம் வாயால் சொல்லிவிட்டேன். நான் நினைத்த மாதிரி சண்டை வரவில்லை. "இத மனசுல வச்சுக்கிட்டா இம்புட்டு நாளு கெடந்தீங்க?" என்று கேட்டாள். கடன் இன்னும் நிற்கிறது. ஐந்தாம் தேதி எண் மட்டும் மூன்றுக்கு இறங்கிவிட்டது.

மொத்தம் ஏழெட்டு மாதம் பிடித்தது, நடுவில் இரண்டு தடவை பழையபடி படுத்தேன். அப்படி நேரும், அதை முதல் நாளாக எண்ணாமல் பாயை விரித்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இன்றைக்குக் காலையில்கூடக் கழுத்து பிடித்திருந்தது. நோட்டில் '4, தீபாவளி ஆர்டர், ஆறு பிளவுஸ் பாக்கி' என்று எழுதிவிட்டு வந்தேன். நான்கு முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டுக்கும் ஊக்கு கட்டவேண்டும்.