கேபிள் மோட்டாரிலிருந்து எலக்ட்ரிக் ஸ்டீயருக்கு மாறப் போகிறீர்களா?

படகின் பின்னால் மாட்டும் பெட்ரோல் இன்ஜின், அதாவது அவுட்போர்டைப் பற்றிய பேச்சில்லை இது. படகின் முன்முனையான அணியத்தில் மாட்டி, பேட்டரியில் ஓட்டி, சத்தமில்லாமல் கரையோரமாக நகர்ந்துகொண்டே கொடுவாவுக்குத் தூண்டில் எறிகிறோமே, அந்த டிரோலிங் மோட்டாரைச் சொல்கிறேன். கடலூர் உப்பனாற்றிலும் புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாற்றிலும் 17 அடி பைபர் படகில் ஆறு வருஷம் கேபிள் மோட்டார் ஓட்டினேன், போன வருஷம் எலக்ட்ரிக் ஸ்டீயர் மாட்டினேன். மாட்டுவது ஒருநாள் வேலைதான். அதற்கு முன்னும் பின்னும் நான் செய்த தப்புகள்தான் காசைத் தின்றன, அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா என்று பாருங்கள். கேபிள் மோட்டாரில் பெடலிலிருந்து இரண்டு கம்பிகள் உறைக்குள் ஓடி மோட்டார் தண்டைத் திருப்புகின்றன, சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி. முன்பாதத்தை அழுத்தினால் வலது, குதிகாலை அழுத்தினால் இடது, கால் அசைந்த அதே கணத்தில் மோட்டாரும் அசையும். எலக்ட்ரிக்கில் அந்தத் தண்டைத் திருப்புவது இன்னொரு குட்டி மோட்டார், நீங்கள் அழுத்துவது வெறும் சுவிட்ச். ஆகவே சுறுசுறுப்பில் கேபிள்தான் இன்றைக்கும் மேல். பிச்சாவரம் மாதிரி சதுப்பு வேர்களுக்கு நடுவே இடுக்கில் நுழைந்து எறிவதுதான் உங்கள் மீன்பிடி என்றால் பேசாமல் கேபிளிலேயே இருங்கள். இல்லை, கேபிளும் வேண்டும் ஜிபிஎஸ்ஸும் வேண்டும் என்றால் மின் கோட்டா (Minn Kota) கம்பெனியின் அல்ட்ரெக்ஸ் போல இரண்டையும் சேர்த்த மோட்டார்களைப் பாருங்கள். நான் மாறியதற்கு ஒரே காரணம் ஜிபிஎஸ் நங்கூரம். வற்றத்தில் தண்ணீர் முகத்துவாரத்துக்கு இழுக்கும்போது ஒரு கையில் தூண்டிலும் ஒரு காலில் பெடலுமாக நின்று இடுப்பு போய்விட்டது. இப்போது பொத்தானை அழுத்தினால் நீரோட்டத்துக்கு எதிராக மோட்டார் தானே திரும்பி, தானே வேகம் கூட்டிக் குறைத்து, படகை அங்கேயே பிடித்து வைக்கிறது.

சரி, வாங்குகிற கட்டம். உப்புத்தண்ணீருக்கென்று செய்த மாடலாகவே இருக்கட்டும். நன்னீர் மாடல் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் நம் கழியில் அதை ஓட்டினால் வாரண்டியை மறந்துவிடலாம். இழுவிசைக்குப் பொதுக்கணக்கு ஒன்று உண்டு: படகு, ஆள், பெட்ரோல், ஐஸ்பெட்டி எல்லாம் சேர்ந்த எடையில் 100 பவுண்டுக்கு 2 பவுண்டு இழுவிசை. எல்லாம் சேர்த்து ஒரு டன் வந்தால் 44 பவுண்டு போதும் என்று கணக்கு சொல்லும். நீரோட்டத்தில் நிற்க வேண்டுமே, 55க்குக் கீழே போகாதீர்கள்.

தண்டின் நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர் பைபர் படகுகளின் அணியம் மேலே தூக்கி நிற்கும், வெளிநாட்டு ஏரிப் படகு மாதிரி தட்டையாக இருக்காது. வழக்கமாக வருகிற ஆட்களை வழக்கமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு, மோட்டார் உட்காரப் போகிற இடத்திலிருந்து தண்ணீர் வரை அளவெடுங்கள். அதோடு சுமார் 25 இஞ்ச் கூட்டுங்கள்: விசிறி தண்ணீருக்குள் ஓர் அடி முங்க வேண்டும், மிச்சம் விசிறியின் பாதிக்கும் மேலே பிடிமானத்துக்கும். எனக்கு 26 இஞ்ச் வந்தது, கூட்டினால் 51. 54 இஞ்ச் தண்டே போதும்தான், ஆனால் முகத்துவாரத்தில் அலை தூக்கும்போது விசிறி காற்றில் சுற்றிக் கத்தும் என்பதால் 60 எடுத்தேன். நீளம் கூடினால் மடக்கி வைக்க இடம் கொஞ்சம் அடைக்கும், அவ்வளவுதான்.

பழையதைக் கழற்றும்போது முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிரிப்பது. பெடல் கம்பி உறையைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், உள்ளே துரு நறநறவென்று கேட்கும். பழைய போல்ட் ஓட்டைகளை அப்படியே விடாமல் ரெசின் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பலகை தண்ணீர் குடித்து ஊறும். புதிய மோட்டாருக்குக் கீழே சமமான தளம் வேண்டும். அணியம் வளைவாக இருந்தால் பைபர் மேஸ்திரியிடம் சொல்லி ஒரு மேடை கட்டுவது நல்லது, ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் போகாதீர்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் ஏறி வேலை நடக்கும், நம் சின்ன வேலையை யாரும் தொடமாட்டார்கள். போல்ட் 316 எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு), தளத்துக்கு அடியில் பலகையோ தகடோ கொடுத்து நைலான் வளையம் வைத்த நட்டால் முறுக்குங்கள். வெறும் மரை ஆணியை பைபரில் முறுக்கினால் நாலு டிரிப்பில் ஆட ஆரம்பிக்கும்.

இனி ஒயரிங், நான் சறுக்கிய இடம். 12 வோல்ட்டில் 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் கிட்டத்தட்ட 50 ஆம்பியர் இழுக்கும். கேபிள் மோட்டாருக்குப் போட்டிருந்த 6 ஸ்கொயர் எம்எம் ஒயரையே விட்டுவைத்தேன், பேட்டரியோ பின்பக்கம். போகவர 11 மீட்டர். அந்த நீளத்துக்கு 50 ஆம்பியரில் 1.7 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். கேபிள் மோட்டார் அதைப் பொறுத்துக்கொண்டது, வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. எலக்ட்ரிக்குக்கு மூளை உண்டே, வோல்ட் இறங்கியதும் அது அணைந்து அணைந்து எழுந்தது, ஒவ்வொரு தடவையும் நங்கூரத்தை விட்டுவிட்டது. மோட்டார்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் புலம்பிக்கொண்டிருந்தேன். 16 ஸ்கொயர் எம்எம் போட்டதும் இழப்பு 0.6 வோல்ட் சுமாருக்கு வந்தது, அணைவதும் நின்றது. ஈயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதையே போடுங்கள், சாதா செம்பு நம் உப்புக்காற்றில் பச்சை பூத்துப் பொடிந்துவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கிற 60 ஆம்பியர் டிசி பிரேக்கர் ஒன்று. வீட்டு எம்சிபியைக் கொண்டுவந்து மாட்டாதீர்கள், அது ஏசிக்குச் செய்தது, டிசியில் பிரியும்போது எழும் பொறியை அணைக்க அதற்குத் தெரியாது.

பேட்டரி தனியாக இருக்கட்டும், அவுட்போர்டை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியில் கை வைக்க வேண்டாம். 100 ஆம்பியர் அவர் ஈய பேட்டரி 30 கிலோவை ஒட்டி வரும், அதிலும் சார்ஜைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போகும். அதே அளவு லித்தியம் அதில் பாதி எடைகூட இருக்காது, முழு வேகத்திலேயே இரண்டு மணி நேரம் ஓடும். வாங்கும்போது உள்ளே இருந்து பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் விடும் என்று கேளுங்கள். 50ஐத் தொடர்ந்து விடாத பேட்டரி வெயிலில் நடுக்கழியில் கதவைச் சாத்திவிடும்.

தண்ணீரில் இறக்கியதும் சில மாடல்களில் திசைகாட்டியைச் சரிசெய்ய மெதுவாக வட்டம் போடச் சொல்லும், காற்றில்லாத காலையில் அதை முடித்துவிடுங்கள். இரும்பு நங்கூரம், சங்கிலி, ஸ்பீக்கர் எதையும் அணியத்தில் மோட்டாரை ஒட்டி வைக்காதீர்கள், திசை குழம்பும்.

அப்புறம் கால் பழக்கம். இதை யாரும் சொல்லித் தரவில்லை. கேபிளில் பெடல் எந்தச் சாய்வில் இருக்கிறதோ மோட்டார் அந்தத் திசை, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எலக்ட்ரிக்கில் அழுத்தியிருக்கும் வரை திரும்பிக்கொண்டே இருக்கும், விட்டால் நிற்கும், கால் எதையும் சொல்லாது. மோட்டார் தலையில் இருக்கும் அம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் பழைய ஞாபகத்தில் பெடலை மிதித்தேன், படகு நேராகப் போய் மீன் வலைக்குக் கட்டியிருந்த கம்பில் இடித்தது. தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வெறுமனே ஓட்டிப் பாருங்கள், ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு.

ஜிபிஎஸ் நங்கூரத்துக்கும் ஒரு குணம் உண்டு. நோணாங்குப்பத்தில் கடலூர் ரோட்டுப் பாலத்துக்கு நேர் அடியில், நிழலாக இருக்கிறதே என்று பொத்தானை அழுத்தினேன். மேலே கான்கிரீட், சாட்டிலைட் எங்கே தெரியும்? மோட்டார் பைத்தியம் பிடித்த மாதிரி வலமும் இடமும் திரும்பி, கடைசியில் தூணைப் பார்த்துக் கிளம்பியது, துடுப்பை வைத்துத் தள்ளிவிட்டேன். பாலத்துக்கு வெளியே, வானம் தெரிகிற இடத்தில் நின்று தூணுக்கு எறியுங்கள். தூணுக்கும் படகுக்கும் ஐந்து மீட்டராவது விடுங்கள், படகு ஓரிடத்தில் ஆணி அடித்தது போல நிற்காது, கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். முழங்கால் தண்ணீரிலும் வேண்டாம், விசிறி சேற்றைக் கலக்கி மீனை விரட்டிவிடும்.

கரை ஏறியதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், தண்டும் பிடிமானமும் சேர்த்து. உப்புக்குத் தன்னைக் கொடுத்து மோட்டாரைக் காக்கிற சின்ன அனோட் துண்டு ஒன்று விசிறிப் பக்கம் இருக்கும், அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள், பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். எனக்கு ஒருதடவை ஒரு முழம் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது, விட்டிருந்தால் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை (seal) அறுத்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். பழைய கேபிள் மோட்டாரை நான் விற்கவில்லை. எலக்ட்ரிக்குக்கு ஒரு பாகம் கெட்டால் வெளியூரிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகிறது, அதுவரை அதுதான் படகில் ஏறுகிறது.