ஃபோம் துண்டில் நிலநடுக்க முறிவைப் பார்ப்பது எப்படி?

நிலநடுக்கத்தில் பாறைப் பிளவின் இரு பக்கமும் மொத்தமாக ஒரே நேரத்தில் நகர்வதில்லை. ஓரிடத்தில் முறிவு தொடங்கி, பிளவு நெடுக ஓடும். 2004-இல் சுமத்ராவில் தொடங்கியது அந்தமான் வரை சுமார் 1300 கிலோமீட்டர் ஓடி முடிக்க எட்டுப் பத்து நிமிடம் ஆனது. பாறைக்குள் நடப்பதைப் பார்க்க வழியில்லை, ஃபோமில் பார்க்கலாம். நெவாடா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புரூன் பெரிய ஃபோம் கட்டைகளை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். நாம் சின்னதாகச் செய்வோம்.

1. மெத்தைக் கடையில் இரண்டடி நீளம், அரையடி அகலம், நான்கு அங்குலத் தடிமனில் இரண்டு துண்டு வாங்குங்கள். மெமரி ஃபோம் வேண்டவே வேண்டாம், அது மெதுவாகத்தான் மீளும்.

2. ஒவ்வொன்றையும் ரப்பர் பசையால் பிளைவுட்டில் ஒட்டி, ஒன்றை மேசையில் இறுக்கிவிட்டு மற்றதை அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். உரசும் முகத்தில் டால்கம் பவுடர் லேசாக.

3. பக்கவாட்டில் இரண்டு துண்டையும் சேர்த்து, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள்.

4. மேல் பலகையில் கயிறு கட்டி இழுக்க வேண்டும். வம்பே இங்கேதான். மேலிருந்து இழுப்பதால் முன்முனை அழுந்திப் பின்முனை தூக்கிக்கொள்ளும், அப்புறம் நழுவாமல் கவிழத்தான் பார்க்கும். எடைக்கு ஒரு செங்கலை மேல் பலகையின் நடுவில் வைக்காமல் பின்பக்கமாகத் தள்ளி வைத்து, கயிற்றை மேசைக்கு இணையாக, மெதுவாக இழுங்கள். சரியாக அமைந்ததும் செங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள், முறிவு தொடங்கும் இடமும் மாறும். அழுத்தம் குறைந்த பக்கம்தான் பெரும்பாலும் முதலில் விட்டுக்கொடுக்கும்.

5. போனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் கட்டாயம். பாறையில் நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடும் முறிவு ஃபோமில் சில பத்து மீட்டர்தான் ஓடும், ஆனாலும் இரண்டடியைக் கடக்க ஐந்தாறு ஃப்ரேமே பிடிக்கும். சாதாரண வீடியோவில் ஒன்றும் தெரியாது.

ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டினால், இழுக்கும்போது கோடுகள் சாய்வதும், பிறகு ஒரு கோடு உடைந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக உடைவதும் தெரியும். உடைந்த கோடு நிமிர்ந்துவிடும், ஆனால் இரண்டு பாதியும் விலகி நிற்கும். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் பிளவைக் கடந்து போன வேலிகள் இப்படித்தான் அறுந்து விலகின. இந்த விலகல்களையும் நில அளவைகளையும் வைத்துத்தான் நிலநடுக்க ஆய்வாளர் ரீட் 1910-இல் மீள்திறன் விளக்கத்தை, அதாவது வளைந்திருந்த பாறை முறிந்ததும் நிமிர்ந்துகொள்கிறது என்பதை, சொன்னார்.

பின்சேர்க்கை: "டப்பென்று நழுவவில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். பவுடர் அதிகம். கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் ஊருக்குள் கலவேராஸ் பிளவும் அப்படி ஊர்ந்துகொண்டுதான் இருக்கிறது, நடைபாதையும் சுவரும் கோணலாகிவிட்டன. அந்த வீடியோவையும் வைத்துக்கொள்ளுங்கள், பவுடரைத் தட்டிவிட்டு மறுபடி இழுங்கள்.