மாட்டு ஸ்டேஷன்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட ஆஸ்திரேலியாவில் பெரிய இறைச்சி மாட்டுப் பண்ணைகளை ஸ்டேஷன் என்பார்கள். அவற்றின் மேலாளர்கள் குழுவாகக் கூடி, ஒருவர் கணக்கை மற்றவர் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். அந்தக் கணக்குகளைத் தொகுப்பது என் வேலை. புதிதாகச் சேர்பவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். கூட்டல் கழித்தல் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே அகப்பட்டுவிடும்.

எதால் வகுத்தார்கள் என்று கேட்காமல் சதவீதத்தை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு கூட்டத்தில் ஒருவர் தன் கன்று விகிதம், அதாவது நூறு பசுவுக்கு எத்தனை கன்று என்பது, 76 சதவீதம் என்றார். பக்கத்தில் இருந்தவருக்கு 65. அவர் முகம் வாடிப்போனது. கூடுதல் காளைகள் வாங்கப்போவதாகச் சொன்னார். தாளை வாங்கிப் பார்த்தேன். முதலாமவர் காளையோடு விட்டது 4,000 பசுக்கள். சினை பிடிக்காத 600 பசுக்களை விற்றுவிட்டார். பால்குடி மறக்கடித்த கன்றுகள் 2,600. அதை மிச்சமிருந்த 3,400 ஆல் வகுத்திருந்தார். 4,000 ஆல் வகுத்தால் அவருக்கும் அதே 65தான்! இல்லாத ஒரு வித்தியாசத்துக்காக இன்னொருவர் பணத்தைக் கொட்டவிருந்தார்.

வடக்கே பல ஸ்டேஷன்களில் காளைகள் வருடம் முழுக்க மந்தையோடுதான் திரியும். ஹெலிகாப்டர் வைத்துத் திரட்டினாலும் சில பசுக்கள் புதரில் தங்கிவிடும். அடுத்த சுற்றில் வளர்ந்த கன்றோடு வந்து நிற்கும். அந்தக் கன்று எந்த வருடக் கணக்கு? இதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

அப்புறம், சினை பிடிக்காததையும், சினை உறுதியான பிறகு கன்று இழந்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். முதலாவதற்கு மண்ணில் பாஸ்பரஸ் குறைவா, கன்றை முன்கூட்டியே பிரிக்கலாமா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு வெயில், தண்ணீர்த் தூரம், டிங்கோ என்னும் காட்டு நாய்கள், நோய் என்று தேட வேண்டும். ஒரே சதவீதத்துக்குள் இரண்டையும் போட்டுவிட்டால் வைத்தியம் தவறிப்போகும்.

தலையை எண்ணுவது

கன்றும் காளையும் ஒரே அளவு புல் தின்பதில்லை. 450 கிலோ மாட்டை அடிப்படை அலகாக வைத்து, மந்தை முழுவதையும் அந்த அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மண்ணை மறப்பது

பார்க்லி மேட்டுச் சமவெளியின் கரிசல் மண்ணில் மிட்செல் புல் மேயும் மந்தையை, சத்துக் குறைந்த வடக்குக் காட்டுப் பகுதி மந்தையோடு ஒப்பிடாதீர்கள்.

ஒரு வருடத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வது

2019 பிப்ரவரி வெள்ளத்தில் வடமேற்கு குயின்ஸ்லாந்தில் லட்சக்கணக்கான மாடுகள் மடிந்தன. அந்த வருட எண் மேலாளரின் திறமையைச் சொல்லாது. வறட்சியில் தாய்ப் பசுக்களை விற்றவரின் வருமானமும் அப்படித்தான், அந்த வருடம் மட்டும் கொழுத்துத் தெரியும். வருடத் தொடக்க, முடிவு இருப்பையும் சேர்த்து, எத்தனை கிலோ உற்பத்தியானது என்று கேளுங்கள்.

வீட்டார் உழைப்பை விட்டுவிடுவது

குடும்ப ஸ்டேஷனில் மனைவி, மகன் யாரும் சம்பளம் எடுப்பதில்லை; கம்பெனி ஸ்டேஷனில் எல்லோருக்கும் சம்பளம். கிலோவுக்கான செலவை ஒப்பிடும் முன், வெளியாள் ஒருவரை வைத்தால் கொடுக்க வேண்டிய கூலியைச் செலவில் சேருங்கள்.