கனவுக்குப் பயந்து தூங்காதவர்களுக்கு

“சுனாமி கனவு வருகிறது” என்று சொல்லிக்கொண்டு எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு யாரும் வந்ததில்லை. “தலை கனக்குது, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, ஒரு மாத்திர குடுங்க நர்சம்மா” என்றுதான் வருவார்கள். முழிப்பு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால்தான், “வாசலுக்குப் போய்க் கடலைப் பார்ப்பேன்” என்பது வெளியே வரும். நாகப்பட்டினம் கடற்கரைக் கிராமங்களில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2004 டிசம்பர் 26 காலையில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அன்று பௌர்ணமி. முழு நிலா தெரிந்தால் படுக்கப் பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் ராத்திரியில் கரையேறியதும், கனவு நின்றுபோயிருந்த சிலருக்கு அது மறுபடி ஆரம்பித்தது. சாலை விபத்து, தீ, அடி உதை என்று வேறு எதிலிருந்து தப்பியவருக்கும் கீழே சொல்வதில் பெரும்பாலானது பொருந்தும்.

ஆபத்து போன பிறகும் உடம்பு காவல் காத்துக்கொண்டே இருக்கிறது. பெரிய ஆபத்திலிருந்து தப்பியவர்களுக்கு வரும் பிடிஎஸ்டி என்ற மனப் பாதிப்பில் தூக்கம் கெடுவது இதனால்தான். சின்னச் சத்தத்துக்கும் முழிப்பு வந்துவிடும். கனவுகள் நிறைய வரும் தூக்கம் ராத்திரியின் பின்பாதியில்தான் நீளும் என்பதால் அலறல் பெரும்பாலும் விடிகாலைப் பக்கம் கேட்கும். நாலு நாள் இப்படிப் போனால் பாயைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். கனவு ஒரு தொல்லை, தூங்கப் பயம் இன்னொரு தொல்லை. இரண்டையும் தனித்தனியாகத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் பாய். பகலெல்லாம் விரித்துப் போட்டு அதிலேயே படுத்து செல்போன் பார்க்காதீர்கள். கண் சொக்கும்போது மட்டும் விரியுங்கள். இருபது நிமிஷம் போனது போலிருந்தும் தூக்கம் வரவில்லையென்றால் (கடிகாரம் பார்க்க வேண்டாம், குத்துமதிப்புதான்) எழுந்து திண்ணையில் உட்காருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுகிற நேரம் ஒன்றாக இருக்கட்டும். கடலுக்குப் போகும் ஆண்களுக்கு இது முடியாது, தெரியும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். வேலை இல்லையென்று மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு ராத்திரி உருண்டுகொண்டிருப்பார்கள். பழக்கத்தை மாற்றுவதற்கு அதைவிட நல்ல காலம் கிடைக்காது. அப்புறம், கூரையில் தகர ஷீட் காற்றுக்கு அடித்துக்கொண்டால் பகலிலேயே ஆணி அடித்துவிடுங்கள். அந்தச் சத்தத்தில் எழுந்து ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்ன பல்பு ஒன்று எரிவதில் தப்பில்லை. கதவை ஒரு தடவை பாருங்கள், அதோடு சரி. பத்துத் தடவை பார்த்தால் பயம் குறையாது, வளரும்.

குவார்ட்டர் அடித்தால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. முன்ராத்திரியில் மரக்கட்டையாகக் கிடப்பார்கள். போதை இறங்க இறங்கப் பின்ராத்திரியில் கனவு இன்னும் மூர்க்கமாக வரும். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் விட்டால் வலிப்புகூட வரலாம், அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் அல்ப்ராசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் வேண்டாம். பிடிஎஸ்டிக்கு அவை பலன் தருவதில்லை, ஆனால் பழக்கமாகிவிடும். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கனவையே மாற்றும் ஒரு பயிற்சி இருக்கிறது. கேட்டதும் சிரிப்பார்கள். பகலில், முழிப்பாக இருக்கும்போது, அடிக்கடி வரும் ஒரு கனவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே ஆகக் கொடுமையானதை எடுக்காதீர்கள். அதை எங்கேயாவது ஓரிடத்தில் உங்கள் இஷ்டப்படி மாற்றி, புதுக்கதையை எழுதுங்கள். பிறகு தினமும் பத்து இருபது நிமிஷம், பழைய கனவை விட்டுவிட்டு, புதுசை மட்டும் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். மீன் விற்கும் அக்கா ஒருவருக்குக் கறுப்புத் தண்ணீர் துரத்தும், மணலில் கால் எடுக்க வராது. எழுதத் தெரியாததால் மகள் பள்ளி நோட்டில் எழுதிக்கொடுத்தாள். புதுக்கதையில் தண்ணீர் தெருமுனை வரை வந்து நின்றுவிடும். திரும்பிப் போகும்போது தெரு முழுக்க நெத்திலி கிடக்கும். “எல்லாத்தையும் அள்ளி அன்னிக்கே வித்துட்டேன்” என்று அவர் சொல்லி முடித்த விதத்தில் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கனவு அடியோடு நிற்கவில்லை. ஆனால் வருவது குறைந்தது, வந்தாலும் மறுபடி தூங்கப் பழகிக்கொண்டார். பயிற்சியின்போதே மூச்சு முட்டினால், பகலிலும் பழைய காட்சி கண்முன் ஓடினால், தனியாகத் தொடராதீர்கள். மனநல ஆலோசகர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது அது.

வீட்டிலிருப்பவர்களுக்கு: அலறும்போது தொட்டு உலுக்காதீர்கள். கனவிலிருப்பவருக்கு உங்கள் கையும் ஆபத்தாகத் தெரியும், வீசிவிடுவார். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று, லைட்டைப் போட்டுக் கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சீக்கிரம் காதில் விழும். எங்கள் பக்கம் மனைவிமார் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், “ஏங்க, நம்ம வீட்லதான் இருக்கோம், பாப்பா இங்க தூங்குது” என்பதும் போதும். முழித்ததும் பாதத்தைத் தரையில் பதிக்கச் சொல்லுங்கள், முகத்தில் தண்ணீர் அடிக்கட்டும். என்ன கனவு என்று அந்த நேரத்தில் துருவ வேண்டாம். காத்து கருப்பு என்று நாகூர் தர்காவுக்கோ வேளாங்கண்ணிக்கோ கூட்டிப்போனால் நான் தடுக்கமாட்டேன். ஆஸ்பத்திரிக்கும் போங்கள் என்பேன்.

குறட்டை பலமாக வந்து, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா? அதை முக்கியமாகச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு பிடிஎஸ்டி உள்ளவர்களிடம் அதிகம். அதற்கு வைத்தியம் பார்த்தால் சிலருக்குக் கனவும் குறைகிறது. கெட்ட கனவுக்குப் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுக்கலாம். 2018-இல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்த பெரிய ஆய்வில் அது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை, ஆனாலும் சிலருக்குப் பலன் தருகிறது. ஆரம்பத்தில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனதும் “தூக்கம் இல்ல” என்பதோடு நிறுத்தாதீர்கள், தூக்க மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். என்ன நடந்தது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கனவு வருகிறது, எந்த நேரத்தில் முழிப்பு, குடி உண்டா, குறட்டை உண்டா என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போக முடியாத ராத்திரியில் 14416-க்கு போன் செய்யுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தனியாக விடாமல் அப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.