இந்து நகரில் மரபு நடை நடத்துவது எப்படி

ஊட்டியில் மரபு நடை என்றாலே சேரிங் கிராஸ், ஸ்டீபன் சர்ச், சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் என்று ஒரே வட்டத்தைத்தான் எல்லாரும் சுற்றுகிறார்கள். சுற்றட்டும், பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் இந்த ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பல வருஷம் சோறு போட்டது அந்தக் கட்டடங்கள் இல்லை. கூடலூர் ரோட்டில் ஃபிங்கர்போஸ்ட் தாண்டிப் போனால் வருகிற, மத்திய அரசின் ஃபிலிம் தொழிற்சாலையான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஊர்க்காரர்கள் சொல்கிற எச்.பி.எஃப். அந்த ஏரியாவுக்கே இந்து நகர் என்ற பெயர் அங்கே தயாரான 'இந்து' ஃபிலிமை வைத்து வந்ததுதான். தொழிற்சாலை ஓய்ந்துவிட்டது, பஸ்ஸில் ஏறி "எச்.பி.எஃப். ஒண்ணு" என்று டிக்கெட் கேட்பது மட்டும் ஓயவில்லை. அங்கே ஒரு நடையை நடத்த நினைக்கிற உள்ளூர் பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை பாதை போடுவது இல்லை, ஆளைத் தேடுவது. அங்கே வேலை பார்த்த ஒருவராவது உங்களோடு வராமல் இந்த நடையை நடத்தாதீர்கள் என்பேன், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பூட்டிய கேட்டையும் புதர் மண்டிய சுவரையும் காட்டுவதற்கு வழிகாட்டி எதற்கு? காட்ட வேண்டியது உள்ளே நடந்த வேலையை. அது சுவரில் இல்லை, அந்த மனிதர்களின் கையிலும் ஞாபகத்திலும்தான் இருக்கிறது. கம்பெனி தொடங்கியது 1960, உற்பத்தி தொடங்கியது 1967. அந்த வருஷம் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள். ஃபிங்கர்போஸ்ட், காந்தள் பக்கம் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து "எச்.பி.எஃப்.ல இருந்தவங்க யாராவது தெரியுமா அண்ணா" என்று கேட்டாலே போதும், ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டி விடுவார். அதிகாரியாக இருந்தவரோடு நிறுத்திவிட வேண்டாம். பேக்கிங்கில் இருந்த அக்கா, பாய்லர் பார்த்தவர், கேன்டீனில் சமைத்தவர் என்று தேடிப் போங்கள், அவர்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கும்.

"அந்தக் காலம் எப்படி இருந்துச்சு ஐயா" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சுப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ஷிப்டுக்குள் நுழைந்ததும் முதலில் எதைக் கழற்றுவீர்கள், எதை மாட்டுவீர்கள்? இருட்டில் எதிரே ஆள் வருவது எப்படித் தெரியும்? எந்தச் சுவரைத் தொட்டு உங்கள் இடத்தைக் கண்டுபிடிப்பீர்கள்? ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் கண் எவ்வளவு நேரம் கூசும்? இப்படிக் கேட்டால் அவர்களுக்கே மறந்துபோனது எல்லாம் வெளியே வரும். அப்புறம் உங்களுக்குத் தனியாக ஸ்கிரிப்ட் எழுதுகிற வேலையே இல்லை.

இருட்டைப் பற்றி ஏன் இத்தனை கேள்வி என்றால், அந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது. நடைக்கு வருகிறவர்களில் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஃபிலிமைக் கையில் தொட்டே இருக்க மாட்டார்கள், அதனால் ஃபிலிம் என்றால் என்ன என்பதை முதல் நிறுத்தத்திலேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளியை அமிலத்தில் கரைத்தால் வெள்ளி நைட்ரேட், அதோடு பொட்டாசியம் புரோமைடைச் சேர்த்தால் வெள்ளி புரோமைடு, இது வெளிச்சம் பட்டால் மாறுகிற பொருள். மாட்டெலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கிற ஜெலட்டினில் அதைக் கலந்தால் எமல்ஷன். அதை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் மேல் ஒரே சீராகப் பூசி, தூசியே இல்லாத காற்றில் உலர்த்தி, அளவாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, சுருட்டி, டப்பாவில் அடைக்க வேண்டும். எமல்ஷன் தயாரானதில் இருந்து டப்பாவை மூடுகிற வரைக்கும் வெளிச்சம் பட்டால் சரக்கு பாழ். பூச்சில் ஒரு தூசி ஒட்டினால் எக்ஸ்ரேயில் அது நோயாளியின் நுரையீரலில் ஒரு புள்ளியாகத் தெரியலாம். தொழிற்சாலைக்கு ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததற்கும் குளிரும் தூசியில்லாத காற்றும்தான் காரணம். இதைச் சொல்லிவிட்டு எல்லாரையும் ஒரு தடவை மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொல்லுங்கள், உடனே புரிந்துவிடும்.

வாயால் சொல்வது மட்டும் போதாது, கையில் கொடுக்க வேண்டும். வீட்டில் கிடக்கிற பழைய எக்ஸ்ரே ஷீட் ஒன்று, கறுப்பு வெள்ளை நெகட்டிவ் சில துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே ஷீட்டில் இருக்கிற பெயரையும் தேதியையும் மறக்காமல் வெட்டிவிடுங்கள். நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் பளபளக்கும், இன்னொரு பக்கம் மங்கலாக இருக்கும். விரல் நுனியை லேசாக ஈரமாக்கி மங்கலான பக்கத்து ஓரத்தைத் தொட்டால் கொஞ்சம் ஒட்டும், அது ஜெலட்டின், அந்தப் பக்கம்தான் எமல்ஷன். எக்ஸ்ரே ஃபிலிமில் பொதுவாக இரண்டு பக்கமும் பூச்சு இருக்கும். நோயாளிக்குக் கதிர்வீச்சு குறைவாகப் போதும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பழைய எக்ஸ்ரே ஷீட்டைக் காயலான் கடையில் எடைக்கு எடுப்பதும் அதில் இருக்கிற வெள்ளிக்காகத்தான்.

இன்னொன்று, என்னைக் கேட்டால் இந்த நடையின் சிறந்த பகுதியே இதுதான். காலாவதியான கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர் பழைய ஸ்டுடியோக்களில் கேட்டால் கிடைக்கும். எச்.பி.எஃப். ஃபிலிமோடு போட்டோ பேப்பரும் தயாரித்த இடம், எந்த கம்பெனி பேப்பராக இருந்தாலும் வேலை நடக்கும். அதைக் கறுப்புக் கவரிலேயே வைத்திருந்து, முதல் நிறுத்தத்தில் வெளியே எடுத்து, கீழே விழுந்து கிடக்கிற ஒரு கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையை மேலே வைத்து, கண்ணாடித் தகட்டால் அமுக்கி வெயிலில் வையுங்கள். படத்தை வரவைக்கிற டெவலப்பர் ரசாயனம் எதுவும் வேண்டாம். கண் முன்னாலேயே வெள்ளைத் தாள் இளஞ்சிவப்பாகி, ஊதாவாகி, பழுப்பாகும். நல்ல வெயில் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம், மூடுபனி இறங்கிவிட்டால் அரை மணிக்கு மேல் கூட ஆகலாம், அதற்குத் தகுந்தபடி பேச்சை நீட்டிக்கொள்ளுங்கள். இலையை எடுத்தால் அதன் நரம்பு வரைக்கும் பதிந்திருக்கும். படத்தை நிலைக்க வைக்கிற ஃபிக்சர் ரசாயனத்தில் கழுவாத தாள் என்பதால் வெளிச்சத்தில் வைத்தால் மெல்ல மெல்ல முழுதும் இருண்டுவிடும். அதையும் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஏன் இருட்டிலேயே வேலை பார்த்தார்கள் என்ற கேள்வியை அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, பாதைக்கு வருவோம். தொழிற்சாலை வளாகத்துக்குள் போகவே கூடாது. பூட்டிய கேட்டைத் தாண்டுவது அத்துமீறல். அது ஒருபுறம் இருக்க, உள்ளே ரசாயனம் கையாண்ட பழைய கட்டடங்கள், இற்றுப்போன கூரை, மூடியில்லாத குழிகள் எல்லாம் இருக்கக்கூடிய இடம் அது. புதருக்குள் காட்டெருமையும் கரடியும் இருக்கலாம். முறையாக எழுத்தில் அனுமதி வாங்கினால் சரி, இல்லையென்றால் பொதுச் சாலையிலும் குடியிருப்புப் பக்கத்துத் தெருவிலுமே நடையை முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஐந்தாறு நிறுத்தம், பன்னிரண்டு பேர். இதற்கு மேல் வேண்டாம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, சமவெளியில் இருந்து காலையில்தான் மலை ஏறி வந்தவருக்குச் சின்ன மேட்டிலேயே மூச்சு வாங்கும்.

நிறுத்தங்களை முன்னாலேயே போய் நின்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கூடலூர் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் மேட்டில் கியர் மாற்றும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கூடக் கேட்காது, அதனால் ரோட்டை விட்டு இருபது முப்பது அடி உள்ளே தள்ளி நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும்படி நீங்கள் நில்லுங்கள், கேட்பவர்களுக்கு முதுகில் அடிக்கட்டும். மைக், ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கூட வருகிற பழைய தொழிலாளியான பெரியவருக்கு ஒரு மடக்கு நாற்காலியை யாராவது தூக்கிக்கொண்டு வரட்டும், நாமெல்லாம் நின்றாலும் அவர் உட்கார்ந்துதான் பேச வேண்டும். கழிப்பறையை ஃபிங்கர்போஸ்டிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லி முதல் நாளே மெசேஜ் போட்டுவிடுங்கள். டீக்கடைக்காரரிடம் இத்தனை மணிக்கு இத்தனை பேர் வருகிறோம் என்று சொல்லி வையுங்கள்.

மாதம் பார்த்து வையுங்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் விடாமல் அடிக்கும், அப்போது வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் காந்தளிலும் தலைகுந்தாவிலும் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும், பத்து மணிக்கு முன்னால் பெரியவரைக் கூப்பிடாதீர்கள். ஏப்ரல், மே சீசனில் அந்த ரோட்டில் நடப்பதே பாடு. பிப்ரவரி, மார்ச் எனக்குப் பிடிக்கும், வெயில் தெளிவாக இருக்கும், இலைப்படமும் நன்றாக விழும். வெளியூர்க்காரர்களுக்கு இ-பாஸ் பற்றியும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பது பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நடையில் கட்டாயம் வருகிற கேள்வி, ஏன் மூடினார்கள் என்பது. "டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் போச்சு" என்று ஒரு வரியில் முடிக்க ஆசையாக இருக்கும். அது உண்மைக் கணக்கு இல்லை. 1990களின் நடுவிலேயே எச்.பி.எஃப். நலிவுற்ற நிறுவனம் என்ற நிலைக்கு வந்துவிட்டது, சாமானியர் கைக்கு டிஜிட்டல் கேமரா வந்தது அதற்கும் பிறகுதான். இறக்குமதி ஃபிலிமோடு போட்டி, பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்காகப் பெரிய கடனில் போட்ட புதிய பிரிவு, அந்தக் கடனுக்கு ஏறிக்கொண்டே போன வட்டி என்று பல கணக்கு இதில் இருக்கிறது. டிஜிட்டல் வந்தது அதற்கு மேல் விழுந்த அடி. 2014இல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து மிச்சம் இருந்தவர்களில் பலரை அனுப்பியது. இந்த இடத்தில் நீங்கள் பேசுவதைவிட வேலை பார்த்தவர் பேசட்டும். ஒருவர் நிர்வாகத்தைச் சொல்வார், ஒருவர் அரசாங்கத்தைச் சொல்வார், இருவருக்குள் வாக்குவாதம் வந்தாலும் தடுக்காதீர்கள். கண் கலங்கினால் மட்டும் போட்டோ எடுக்க விடாதீர்கள்.

அதேபோல "ஆசியாவிலேயே பெரிசு", "உலகத்திலேயே முதல்" என்று அள்ளிவிட வேண்டாம். பிரான்ஸின் பூஷே கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு, மலை உச்சியில் இருட்டுக்குள் இருந்து ஒரு நாட்டுக்குத் தேவையான ஃபிலிமைத் தயாரித்தார்கள் என்பதே பெரிய விஷயம்தான். பேய் பங்களா வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். "உள்ளே பேய் இருக்காமே" என்று கேட்டால், பெரியவர் எத்தனை இரவு அதே இருட்டில் நைட் ஷிப்ட் பார்த்தார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒரு மனிதர் முப்பது வருஷம் உழைத்த இடத்தை அவர் முன்னாலேயே பேய்வீடு என்பது சரியில்லை. முத்தநாடு மந்தும் பக்கம்தானே, அதையும் ஒரு ஸ்டாப்பாகச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், அது தோடர்கள் வாழ்கிற இடம், அவர்களாகக் கூப்பிட்டால் போகலாம். இந்த மேட்டுநிலம் முழுக்கத் தொழிற்சாலைக்கும் கற்பூர மரத்துக்கும் முன்னால் எருமைகள் மேய்ந்த புல்வெளி என்பதை மட்டும் நின்ற இடத்தில் இருந்தே சொல்லிவிடுங்கள்.

அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியையும் நடுவட்டத்தையும் ஒரே நாளில் கோர்க்கலாமா என்றும் கேட்பார்கள். மூன்றும் மூன்று தனி நடை. அருவங்காடு 1904இல் இருந்து ஓடுகிற வெடிமருந்து ஆலை, பாதுகாப்புத் துறை இடம், கேட் பக்கம் கேமராவைத் தூக்கவே கூடாது. மலை ரயிலில் போய் இறங்கி ஸ்டேஷனில் நின்று கதை சொல்லலாம், அவ்வளவுதான். நடுவட்டத்தில் 1860களில் சிங்கோனா நட்டு, பட்டையில் இருந்து மலேரியா மருந்தான கொய்னா எடுத்தார்கள். மலாயா பக்கத்து பிரிட்டிஷ் குடியேற்றங்களில் இருந்து வந்த சீனக் கைதிகளைத் தோட்ட வேலைக்கு வைத்தார்கள், அவர்களை அடைத்த சிறை இன்றும் நிற்கிறது. அதற்கு முழு நாள் ஒதுக்கினாலே போதாது.

கடைசியாகப் பண விஷயம். கட்டணம் வாங்குங்கள், இலவசம் என்றால் பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். வருகிற பணத்தில் முதல் பங்கு பெரியவருக்கு, அன்றைக்கே, கையில், கவரில் போட்டு. சால்வை போட்டு அனுப்பிவிட்டுப் பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது. நடைக்கு முன்னாலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள், கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். போக வர ஆட்டோவும் உங்கள் செலவு. அவர் பேசுவதைப் பதிவு செய்வதென்றால் முதலில் சம்மதம் கேளுங்கள், எதை வெளியே போடலாம், எது வேண்டாம் என்பதையும் அவரே சொல்லட்டும். பதிவின் ஒரு காப்பியைப் பென்டிரைவில் போட்டு அவர் வீட்டில் மகனிடமோ பேத்தியிடமோ கொடுத்துவிட்டு, அடுத்த நடைக்கு, அவரோடு வேலை பார்த்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.