தீவனத்தை எடை போடுங்கள்: வீட்டு அக்குவாபோனிக்ஸில் மீனுக்கும் கீரைக்கும் சத்துக் கணக்கு

மீன் தொட்டி நீரின் சத்தைக் கொண்டே செடி வளர்க்கும் முறைதான் அக்குவாபோனிக்ஸ். பினாங்குத் தரைவீடுகளில் கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாக ஒரு மீன் தொட்டியையும் அதையொட்டி ஒரு கீரைப் பாத்தியையும் அமைக்க நினைப்பவர்கள், வழக்கமாக எத்தனை மீன் விடலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். நாளொன்றுக்கு எத்தனை கிராம் தீவனம் போடலாம் என்று கேட்பதே சரி. செடிக்குப் போய்ச் சேரும் சத்தில் பெரும்பகுதி தீவன மூட்டையிலிருந்துதான் வருகிறது. மீன் அதைத் தின்று கழிவாகவும், செவுள் வழியே அம்மோனியாவாகவும் வெளியேற்றுகிறது. பாத்தியை நிரப்பும் கற்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு செடிகள் உறிஞ்சும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 500 லிட்டர் தொட்டியும் ஒரு சதுர மீட்டர் பாத்தியும் உள்ள அமைப்பை வைத்து இந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முதல் படி: கல்லும் தண்ணீரும்

பாத்தியை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சரளைக்கல்லால் நிரப்ப வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு கைப்பிடிக் கல்லைக் கோப்பையில் போட்டு வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. நீரின் பிஎச் அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அது ஏற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் வேறு கல் தேடுவதே மேல். குழாய் நீரைக் காற்றுக் குழாயுடன் ஒரு நாளாவது விட்டுவைத்தால் குளோரின் அகன்றுவிடும். பாத்தியில் நீர்மட்டம் கல்லின் மேற்பரப்புக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே நிற்கட்டும். பாசி படியாது, டிங்கிப் பரிசோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிக்கும் கொசுப் புழு கிடைக்காது.

இரண்டாம் படி: பாக்டீரியாவுக்குக் காத்திருத்தல்

மீன் விடுவதற்கு முன், சிறிது தீவனத்தை மட்டும் நீரில் அழுகவிட்டு, தொட்டி நீரைப் பாத்திக்குச் சுழற்றும் மோட்டாரை ஓடவிடுங்கள். சொட்டு மருந்து வகைப் பரிசோதனைப் பெட்டியில் அம்மோனியா ஏறி இறங்குவதும், அடுத்து நைட்ரைட் ஏறி இறங்குவதும், கடைசியில் நைட்ரேட் தலைகாட்டுவதும் தெரியும். நம் ஊர் வெப்பத்தில் இதற்குப் பொதுவாக மூன்று முதல் ஐந்து வாரங்கள் ஆகும். முதலிரண்டும் பூஜ்யத்தை ஒட்டி வந்த பிறகே மீன் விட வேண்டும். இந்தக் காத்திருப்பைச் சுருக்க நினைப்பவர்கள் குஞ்சுகளைப் பறிகொடுக்க நேரிடும்.

மூன்றாம் படி: தீவனக் கணக்கு

இதுதான் மையமான வேலை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனமும், தக்காளி போன்ற காய்ப்பயிர்களுக்கு 50 முதல் 80 கிராமும் தேவை. மீன் வளர வளரத் தீவனம் கூடுவதால், பாத்தியையும் அதன் வேகத்திலேயே நிரப்ப வேண்டும்.

50 கிராம் எடையுள்ள பத்துத் திலாப்பியா குஞ்சுகளை விடுகிறீர்கள் என்று கொள்வோம். மொத்த எடை 500 கிராம். மீனின் எடையில் ஒரு பங்கே அதன் அன்றாடத் தீவனம்; குஞ்சுகளுக்கு மூன்று சதவீதம் என்றால் நாளுக்கு 15 கிராம். அது பாத்தியில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் காணும், ஆகவே அவ்வளவில் மட்டும் கங்கோங் கீரை நடுங்கள். முதல் நாளே பாத்தி முழுவதும் நட்டுவிட்டு, இலை வெளுக்கிறதே என்று உரக் கடைக்கு ஓடுவது தேவையற்ற செலவு. மீன் ஒவ்வொன்றும் 200 கிராமை எட்டும்போது, இரண்டு சதவீதக் கணக்கில் 40 கிராம் போடுவீர்கள். இப்போது பாத்தி நிறையலாம். 500 கிராம் ஆனதும், ஒன்றரை சதவீதமே போட்டாலும் 75 கிராம் வந்துவிடும். கீரைக்கு அது மிகை. ஒன்று, சில மீன்களைக் குழம்புக்கு எடுக்க வேண்டும். இல்லையேல் ஒரு பகுதியில் கத்தரியோ மிளகாயோ வைக்க வேண்டும்.

சமையலறைத் தராசில் எடை போட்டுக் காலையும் மாலையும் பிரித்துப் போடுங்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகும் மிதப்பதை வலையால் எடுத்துவிட்டு, அடுத்த வேளை அந்த அளவைக் குறையுங்கள்.

நான்காம் படி: நீரையும் இலையையும் பார்த்தல்

வாரம் ஒருமுறை சோதனை செய்தால் போதும். அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினால், தீவனத்தை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். பிஎச் அதிகமாக இருந்தால் அவசரம் இன்னும் கூடுதல்: 28 பாகை வெப்பத்தில் பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகிறது. நைட்ரேட் 150-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் செடி போதவில்லை. பூஜ்யத்தை ஒட்டி நின்று, அடியிலைகள் முழுதாக மஞ்சளித்தால் தீவனம் போதவில்லை.

மேலே உள்ள இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் கதை வேறு. அது இரும்புக் குறை. மீன் தீவனத்தில் இரும்பு குறைவு என்பதால், தீவனத்தைக் கூட்டினால் தீராது. டிடிபிஏ வகை இரும்பை (இரும்பு நீரில் கரைந்தே இருக்கும்படி பிணைத்த உரம்) லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் இரும்பு என்ற அளவில் சேர்க்க வேண்டும். 11 சதவீத இரும்புள்ள தூள் என்றால், 500 லிட்டருக்குச் சுமார் ஒன்பது கிராம். அடியிலையின் ஓரம் மட்டும் கருகினால் பொட்டாசியத்தைச் சந்தேகிக்கலாம்.

ஐந்தாம் படி: பிஎச் சரிவு

பாக்டீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாவதால் பிஎச் தானாகவே இறங்கும். மூடியில்லாத தொட்டியில் மழைநீர் நிறைய விழுந்தால் இன்னும் விரைவாக இறங்கும். 6.4-க்குக் கீழே போக விடாதீர்கள். வேகவைத்துக் கழுவிய கெராங் சிப்பி ஓடுகளை நொறுக்கி, வலைப்பையில் கட்டி நீரோட்டத்தில் தொங்கவிட்டால், அவை மெதுவாகக் கரைந்து கால்சியத்தையும் தரும். சமையல் சோடா வேண்டாம். அதிலுள்ள சோடியத்தைச் செடி பயன்படுத்தாது, நீரில் தேங்கிப் பயிரைக் கெடுக்கும்.

அறுவடையிலும் இதே கணக்கைக் கவனிக்க வேண்டும். கங்கோங்கை ஒரே நாளில் முழுவதும் அறுத்துவிட்டால் சத்தை உறிஞ்ச ஆளில்லாமல் நைட்ரேட் ஏறும். ஆகவே வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும், அடித்தண்டில் இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். அந்தக் கணுக்களிலிருந்தே மறுபடி துளிர்க்கும்.