கொழிஞ்சாம்பாறை பக்கம் ஃப்ரீ டியூஷன் சார் தேடுறவங்களுக்கு

நம்ம பாலக்காடு மாவட்டத்துல சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியம் படிக்கிற பசங்களுக்கு ஃப்ரீயா சொல்லித்தர ஆள் கிடைச்சாலும் ஒரு சிக்கல் வருது, கோயம்புத்தூர்ல இருந்து ஆசையா வர்றவங்களுக்கு தமிழ்நாட்டு சமச்சீர் புக் தான் தெரியும், நம்ம பசங்க படிக்கிறது கேரளா சிலபஸ், கணக்குல பாட வரிசையே வேற. அதனால முதல்ல சமக்ராங்கிற கேரளா அரசோட பாட சைட்ல போய் அந்தந்த கிளாஸோட தமிழ் மீடியம் புக் பிடிஎஃப் எடுத்து (காசு கிடையாது) பாடத்தை ரெண்டு நாள் முன்னாடியே அவங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. இத செஞ்சாலே பாதி பிரச்சனை தீந்துடும்.

ஆள் எங்க தேடுறதுன்னா, பக்கத்து காலேஜ் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) ஆபீசர போய் பாருங்க. என்எஸ்எஸ் பசங்க வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்யணும், அதுல டியூஷனையும் சேத்துக்க முடியுமான்னு கேளுங்க. சும்மா "டியூஷன் வேணும்"னு கேக்காதீங்க, "ஒம்பதாம் கிளாஸ், நாலு பசங்க, பின்னம் வரல, செவ்வாய் வியாழன் சாயங்காலம் ஒரு மணி நேரம்"னு சொன்னா தான் யாராவது ஒத்துக்குவாங்க.

கிளாஸ வீட்டுல வெக்காம ஊர் வாயனசாலையில (லைப்ரரியில) வெச்சுக்கோங்க, பெரியவங்க ஒருத்தர் கண்டிப்பா கூட இருக்கணும். ஃபோன்ல கிளாஸ்னா அம்மா அப்பா நம்பர் மட்டும் குடுங்க, பசங்க நம்பர் வேண்டாம். முதல்ல ஒரு மாசம்னு மட்டும் பேசிக்கோங்க, அப்புறம் பாத்து நீட்டிக்கலாம்.